ப்ரோ ஸ்டாக்: 2016 விதிமாற்றங்கள் உண்மையான நவீனமா? அடுத்து எதை மாற்றுவது?

கால்மைல்வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் என்எச்ஆர்ஏ என்ற அமைப்பு நடத்தும் டிராக் பந்தயங்களில் (இரண்டு கார்கள் நேர்க்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் பந்தயம்) ப்ரோ ஸ்டாக் வகுப்பின் விதிகளைப் பற்றி, எஞ்சின் நுட்பமும் பந்தய வரலாறும் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டுப் பருவத்திற்காக இவ்வகுப்பின் விதிகள் பெரிய அளவில் மாற்றப்பட்டன. காற்றோடு எரிபொருளைக் கலந்து தரும் இரட்டை கார்புரேட்டர்கள் நீக்கப்பட்டு மின்னணு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கட்டாயமாக்கப்பட்டது. எஞ்சின் சுழற்சி நிமிடத்திற்கு 10,500 என்ற உச்சவரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. பானட்டின் மேல் உயர்ந்து நின்ற காற்று ஸ்கூப் அகற்றப்பட்டது. கார் பின்னோக்கிக் கவிழாமல் தாங்கும் பின்புறத்து வீலி பார்களின் நீளம் குறைக்கப்பட்டது. கூடாரத்தில் கார்களைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தி, எஞ்சின் வேலை நடப்பதை ரசிகர்கள் பார்க்கும்படி செய்ய வேண்டும் என்றுகூட அணிகளுக்கு உத்தரவிடப்பட்டது. விற்பனைக் கூடத்தில் நிற்கும் காருக்கும் பந்தயக் காருக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பதும், ரசிகர்களைத் திரும்ப அழைப்பதும் இவற்றின் நோக்கமாகச் சொல்லப்பட்டன.

ஆனால் அதன் பிறகும் 16 கார்களுக்கான இடங்கள் நிரம்பாத போட்டிகள் இருந்தன. 2019இல் மொத்தம் 24 போட்டிகளுள் 18இல் மட்டுமே ப்ரோ ஸ்டாக் இடம்பெறும் என்று குறைத்தார்கள். இதற்கிடையே, இவ்வகுப்பில் பெரும்பான்மையாக ஓடும் கமாரோவின் உற்பத்தியை 2023 டிசம்பரில் செவ்ரோலே நிறுத்திவிட்டது. அதே மாதத்தில் டாட்ஜ் சேலஞ்சரும் நின்றது. எஞ்சினோ இன்னமும் 500 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 8.2 லிட்டர் கொள்ளளவும், தள்ளுகோல்களால் இயங்கும் வால்வுகளும் கொண்ட பழைய கட்டமைப்பிலேயே இருக்கிறது. இப்படி ஓர் எஞ்சினைத் தாங்கிய பயணிகள் காரை இன்று எந்த நிறுவனமும் விற்கவில்லை.

ஆகவே என் கேள்வி இது: 2016இல் நடந்தது உண்மையான நவீனமாக்கலா, அல்லது மேற்பூச்சா? இன்று விதிப்புத்தகத்தைப் புதிதாக எழுதும் வாய்ப்பு கிடைத்தால், தொழிற்சாலையே பந்தயத்திற்காகக் கட்டிய கார்கள் ஓடும் ஃபேக்டரி ஸ்டாக் ஷோடவுன் வகுப்பைப்போல் சிறிய கொள்ளளவும் சூப்பர்சார்ஜரும் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) கொண்ட, உற்பத்தி எஞ்சினிலிருந்து பிறந்த ஒன்றைக் கொண்டுவருவது நல்லதா, அல்லது இருக்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு மின்னணுவியலை மட்டும் தாராளமாக்குவது நல்லதா?

பழையகணக்கு எழுதுகிறார்:

நல்ல கேள்வி. ஆனால் 2016இலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் தெரியும்; 1970இலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாண்டு பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் போட்டியில் இவ்வகுப்பு முதன்முதலாக அறிமுகமானது. கமாரோ ஓட்டிய பில் ஜென்கின்ஸ் அதில் வென்றார். அப்போதைய விதி எளிமையானது: எஞ்சினின் ஒவ்வொரு கன அங்குலத்திற்கும் கார் ஏழு பவுண்டு எடை இருக்க வேண்டும். பெரிய எஞ்சின் வைத்தால் காரும் கனமாகும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு நியாயமானதாகத் தோன்றினாலும், ஹெமி எஞ்சின் பொருத்திய கிறைஸ்லர் கார்கள் தொடக்க ஆண்டுகளில் மற்றவர்களை மிக எளிதாக முந்தின. அதைச் சமன் செய்ய, சிறிய எஞ்சினும் சிறிய உடலும் கொண்ட கார்களுக்கு எடைச் சலுகை தரப்பட்டது. 1972இல் அதே ஜென்கின்ஸ், சிறிய வேகா காரில் 331 கன அங்குல எஞ்சினைப் பொருத்திக்கொண்டு வந்து, அவ்வாண்டின் போட்டிகளுள் பெரும்பாலானவற்றை வென்றுவிட்டார். விதியை எழுதியவர்கள் பின்னால் ஓட, விதியைப் படித்தவர்கள் முன்னால் ஓடினார்கள்.

அதன் பிறகு பத்தாண்டு காலம் இதே ஓட்டம்தான். எந்த உடலுக்கு, எந்தச் சக்கர இடைவெளிக்கு, எந்த எஞ்சினுக்கு எத்தனை பவுண்டு என்ற பட்டியல் ஓயாமல் மாறியது. ஃபோர்டோடு பெயர் பிணைந்த பாப் கிளிட்டன்கூட, எடைக் கணக்கு சாதகமாக இருந்த காரணத்தால் 1979இல் கிறைஸ்லரின் பிளிமத் ஆரோவுக்கு மாறி வென்றார் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். கார் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டது என்பதைவிட, அந்த மாதத்துப் பட்டியலில் எந்தக் காருக்குச் சலுகை என்பது முக்கியமாகிவிட்டது.

1982இல் அந்தப் பட்டியல் முழுவதையும் தூக்கி எறிந்தார்கள். எல்லோருக்கும் 500 கன அங்குலம், எல்லோருக்கும் குறைந்தபட்சம் 2,350 பவுண்டு, அதாவது சுமார் 1,066 கிலோ. என் பார்வையில் ப்ரோ ஸ்டாக் வரலாற்றில் நடந்த மிகப் பெரிய நவீனமாக்கல் அதுதான். அதில் புதிய தொழில்நுட்பம் என்று சொல்ல ஒரு திருகாணிகூட இல்லை. நிலையான விதி கிடைத்ததும் எஞ்சின் கட்டுபவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பொருளைச் செதுக்க முடிந்தது. 1994இல் இங்கிலிஷ்டவுனில் கர்ட் ஜான்சன் 6.988 நொடியில் ஓடி ஏழு நொடித் தடையை உடைத்தார். 1997இல் அவருடைய தந்தை வாரன் ஜான்சன் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். இவை அந்த நிலைத்தன்மையின் விளைச்சல்.

ஆனால் அதே நிலைத்தன்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. முப்பது ஆண்டுகள் செதுக்கியவனிடம் இருக்கும் அறிவைப் புதிதாக வருபவன் விலைக்கு வாங்கவே முடியாது. வாடகைக்குத்தான் எடுக்க முடியும். இன்று பல அணிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பட்டறைகளிடமிருந்து எஞ்சினை வாடகைக்கு எடுத்து ஓடுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. 2016 விதிகளால் இது மாறியதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். அவ்வாண்டு ஒரே அணியைச் சேர்ந்த ஜேசன் லைனும் கிரெக் ஆண்டர்சனும் போட்டிகளுள் பெரும்பாலானவற்றைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள்; பட்டம் லைனுக்குப் போனது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் சாம்பியனாக இருந்த எரிக்கா எண்டர்ஸ், 2016இல் டாட்ஜுக்கு மாறி, ஒரு போட்டியைக்கூட வெல்லாமல் பருவத்தை முடித்தார். ஓட்டுநரின் திறமை ஓராண்டில் கரைந்துபோவதில்லை. புதிய எஞ்சினைப் புதிய விதிக்குள் விரைவாகப் புரிந்துகொள்ளும் ஆராய்ச்சி வசதி யாரிடம் இருந்ததோ அவர்களிடம் வெற்றி போனது.

வால்வுஸ்பிரிங் எழுதுகிறார்:

வரலாற்றை நண்பர் பழையகணக்கு தெளிவாகச் சொல்லிவிட்டதால், நான் எஞ்சினுக்குள் மட்டும் போகிறேன். 2016 மாற்றங்களுள் எது மேற்பூச்சு, எது உண்மையான மாற்றம் என்பதை அங்கே பார்த்தால் ஓரளவு விளங்கும்.

முதலில் கார்புரேட்டர். சாலையில் ஓடும் அமெரிக்கக் கார்களிலிருந்து அது 1990களின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டது. மரபைக் கட்டிக் காப்பதில் யாருக்கும் சளைக்காத நாஸ்கார்கூட 2012இல் தன் முதன்மைத் தொடரில் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஆகவே ப்ரோ ஸ்டாக் மாறியது தாமதமான, தவிர்க்க முடியாத செயல். ஆனால் கார்புரேட்டர் பின்தங்கிய கருவி, அதை நீக்கியதால் சக்தி கூடியிருக்கும் என்று எண்ணினால் அது தவறு. உச்ச சக்தி ஒன்றை மட்டுமே பார்த்தால், நன்றாகச் சீரமைக்கப்பட்ட கார்புரேட்டர் எளிதில் தோற்காது. எரிபொருள் உட்கொள் குழாயின் உச்சியிலேயே காற்றில் கலந்து, வழியெல்லாம் ஆவியாகி, காற்றைக் குளிர்வித்துக்கொண்டே சிலிண்டருக்குள் இறங்குகிறது. குளிர்ந்த காற்றின் அடர்த்தி அதிகம். எனவே சிலிண்டருக்குள் அடங்கும் காற்றும் அதிகம். இன்ஜெக்டரை வால்வுக்கு அருகில் வைத்தால் இந்தக் குளிர்ச்சியில் ஒரு பகுதியை இழக்க வேண்டியிருக்கும்.

இன்ஜெக்‌ஷனின் உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கார்புரேட்டர்கள் எட்டுச் சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஊட்டும்போது, ஓரத்துச் சிலிண்டருக்கும் நடுச் சிலிண்டருக்கும் சரிசமமாக எரிபொருள் போவதில்லை. அதைச் சமன் செய்ய உட்கொள் குழாயின் வடிவத்தை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் செதுக்க வேண்டும். இன்ஜெக்‌ஷனில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளவைத் திருத்தலாம். வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவை மாறும்போது கார்புரேட்டரில் எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. அதைவிட முக்கியமானது, எல்லோரும் ஒரே வகை மின்னணுக் கட்டுப்பாட்டகத்தைப் பயன்படுத்துவதால், எஞ்சின் என்ன செய்தது என்ற பதிவை விதி அதிகாரிகளும் திறந்து படிக்க முடிகிறது. கார்புரேட்டர் காலத்தில் இப்படிப் பார்க்க வழியில்லை.

அடுத்து 10,500 வரம்பு. இதைச் சிறிய மாற்றம் என்று பலர் கடந்து போய்விடுகிறார்கள்; எனக்கு இதுவே 2016இன் மையம். முன்பு இந்த எஞ்சின்கள் 11,000க்கு மேல் சுழன்றன. 10,500 சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறத்தாழ 87 முறை திறந்து மூடுகிறது. வால்வு, தள்ளுகோல், ராக்கர் ஆகியவற்றின் மீது விழும் நிலைமவிசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். எனவே 11,000இலிருந்து 10,500க்கு இறங்குவதால் வேகம் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறைந்தாலும், அந்த விசை ஒன்பது விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. வால்வு ஸ்பிரிங்கின் ஆயுள் இதனால் நேரடியாக நீள்கிறது. வரம்பே இல்லாதபோது, பணமுள்ள அணி இன்னும் இலேசான வால்வையும் இன்னும் விறைப்பான ஸ்பிரிங்கையும் தேடிக்கொண்டே போகும். மற்றவர்களும் பின்னாலேயே போகத்தான் வேண்டும். ஓரளவு செலவைக் கட்டுப்படுத்திய விதி என்று 2016இல் எதையாவது சொல்ல முடியுமானால், இதைத்தான் சொல்வேன்.

எனினும் செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. சுழற்சியைக் கூட்டிச் சக்தி பெறும் வழி அடைபட்டதும், அதே சுழற்சியில் அதிகக் காற்றை உள்ளே இழுக்கும் வழி தேடப்பட்டது. வால்வுகளைத் திறக்கும் கேமின் வடிவம், உட்கொள் துளை, காற்று தேங்கும் அறையான பிளீனத்தின் கொள்ளளவு, கியர் விகிதம் அனைத்தும் புதிதாகக் கணக்கிடப்பட்டன. வரம்பைத் தொட்டால் எஞ்சின் அங்கேயே தடுக்கப்படும் என்பதால், பந்தயத் தூரத்தின் முடிவில் சுழற்சி 10,500க்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பின் அச்சு விகிதத்தை அன்றன்றைய காற்றுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு ஒரு நல்ல மாலைப்பொழுதில் கூடுதலாக நூறு சுழற்சி கிடைத்தால் அது பரிசு. இப்போது அது சுவர். ஐந்து கியர்களுக்கும் இடையில் சுழற்சி எவ்வளவு விழுகிறது, விழுந்த இடத்திலிருந்து எஞ்சின் எவ்வளவு வேகமாக எழுகிறது என்பது முன்னைவிட முக்கியமாயிற்று. சுருங்கச் சொன்னால், பழைய உட்கொள் குழாய்களும் கேம்களும் அலமாரிக்குப் போயின; புதியவற்றை வடிவமைக்க எஞ்சின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் நாட்கணக்காக எஞ்சினை ஓட்டும் வசதி இருந்தவர்கள் முன்னேறினார்கள். பழையகணக்கு சொன்ன 2016 முடிவுகளுக்குக் காரணம் இதுதான்.

ஸ்கூப்பை அகற்றியது தோற்றத்திற்காகச் செய்த மாற்றம். வீலி பாரைக் குறைத்ததோ தோற்றமும் இயற்பியலும் கலந்த மாற்றம்: கார் கிளம்பும்போது முன்சக்கரங்கள் கூடுதலாக உயரும், பார்ப்பவர்களுக்கு விருந்து, அதே சமயம் பின்சக்கரங்களின் மீது எடை மாறும் விதத்தை அணிகள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: கொள்ளளவைக் குறைத்து, உற்பத்தி எஞ்சினின் பிளாக்கிலிருந்து பிறந்த, ஆனால் சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினை அனுமதிப்பதே பொருத்தமாக இருக்கும். சூப்பர்சார்ஜர் வந்துவிட்டால் போட்டி அழுத்தத்தைக் கூட்டுவதாகிவிடும். அதைச் சுழற்றும் புல்லியின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி, அதை மீறும் தந்திரம், மீண்டும் விதி என்று முடிவின்றிப் போகும். இயல்பாகக் காற்றிழுக்கும் எஞ்சினைச் செதுக்கும் கலைக்கு டிராக் பந்தயத்தில் மிஞ்சியிருக்கும் பெரிய மேடை ப்ரோ ஸ்டாக்தான்.

நாலாம்வரிசை எழுதுகிறார்:

நான் எஞ்சின் கட்டுபவன் அல்லன், பார்வையாளன். ஆகவே மேலே எழுதிய இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

நைட்ரோ எரிபொருளில் ஓடும் அதிவேக வகுப்புகளான டாப் ஃபியூயலும் ஃபன்னி காரும் 2008இல் ஸ்காட் கலிட்டா உயிரிழந்த விபத்துக்குப் பிறகு 1,000 அடித் தூரத்திற்குக் குறைக்கப்பட்டன. ப்ரோ ஸ்டாக் இன்னமும் முழுக் கால் மைல், 1,320 அடி ஓடுகிறது. ஓட்டுநர் கிளட்சைக் காலால் விட்டுக் கிளம்பி, ஏறத்தாழ ஆறரை நொடியில் நான்கு முறை கியர் மாற்றி, மணிக்கு 200 மைலுக்கு மேல் கோட்டைக் கடக்கிறார். முதல் காருக்கும் பதினாறாவது காருக்கும் இடையே தகுதிச் சுற்றில் நொடியின் பத்தில் ஒரு பங்கு அளவே வேறுபாடு இருக்கும் நாட்கள் உண்டு. அதனால் விளக்கு எரிந்ததும் யாருடைய கால் முதலில் அசைந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இவ்வகுப்பின் உயிர் அங்கே இருக்கிறது. எந்த நவீனமாக்கலும் கிளட்சையும் கைக் கியரையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஃபேக்டரி ஸ்டாக் ஷோடவுனை முன்மாதிரியாகச் சொல்கிறீர்கள். அது அழகான வகுப்புதான். கோப்ரா ஜெட் மஸ்டாங்கும் கோபோ கமாரோவும் டிராக் பேக் சேலஞ்சரும் வீலி பார் இல்லாமல் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்வதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அவை தானியங்கிக் கியரோடு ஓடுகின்றன. மேலும் அந்த வகுப்பு ஏற்கெனவே இருக்கும்போது, ப்ரோ ஸ்டாக்கையும் அதைப்போல் மாற்றினால் ஒரே விருந்தை இரண்டு இலையில் பரிமாறுவதாகிவிடும்.

உடல் வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். பின்னாளில் ஒரு நிறுவனத்தின் உடலோடு இன்னொரு நிறுவனத்தின் எஞ்சினைப் பொருத்தவும் அனுமதி வந்தது. களத்தை நிரப்ப அது உதவியிருக்கலாம். மஸ்டாங் உடலுக்குள் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் முழங்குவதை ஃபோர்டு ரசிகர் எப்படிக் கொண்டாடுவார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கமாரோவும் சேலஞ்சரும் கடைகளிலிருந்து மறைந்துவிட்ட நிலையில், இரண்டு கதவுக் கார்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, இன்று மக்கள் வாங்கும் நான்கு கதவுக் கார்களின் வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளும் விதியை எழுதினால், குறைந்தபட்சம் பெயரில் இருக்கும் ‘ஸ்டாக்’ என்ற சொல்லுக்கு ஏதோ ஒரு பொருள் மிஞ்சும்.

கால்மைல்வாசகர் மீண்டும்:

மூவருக்கும் நன்றி. கைக் கியரைத் தொடக் கூடாது என்பதை ஏற்கிறேன். நண்பர் வால்வுஸ்பிரிங்கிடம் துணைக்கேள்வி ஒன்று: கட்டுப்பாட்டகம் அனைவருக்கும் பொதுவானதாகவும் பதிவுகள் அதிகாரிகளின் பார்வைக்குத் திறந்தும் இருக்கின்றன என்றால், இன்றைய சாலைக் கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் சக்கரச் சறுக்கல் கட்டுப்பாட்டை மட்டும் ஏன் தடை செய்ய வேண்டும்? நவீனம் என்று சொல்லிவிட்டு அதை விலக்குவது முரண் அல்லவா? மின்சாரக் கார்களைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வால்வுஸ்பிரிங் எழுதுகிறார்:

முரண் இல்லை என்றே நினைக்கிறேன். சறுக்கல் கட்டுப்பாடு அனுமதிக்கப்பட்டால், கிளட்ச் எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும், முதல் அறுபது அடியில் பின்சக்கரம் எவ்வளவு சுழலலாம் என்ற இரண்டு பெரிய கேள்விகளையும் மென்பொருள் விடுவித்துவிடும். அணித்தலைவர் ஓடுதளத்தில் குனிந்து ரப்பர் படிவைப் பார்த்து எடுக்கும் முடிவுக்கு வேலை இருக்காது. தடை செய்வதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், கட்டுப்பாட்டகத்திற்கு வெளியேயும் சறுக்கலைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. பற்றவைப்பு நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினாலே சக்கரத்திற்குப் போகும் விசை குறையும். எனவே பொதுக் கட்டுப்பாட்டகம் மட்டும் போதாது; பற்றவைப்புக் கம்பித்தொடர், உணரிகள், அவை இணையும் இடங்கள் அனைத்தும் பொதுவானவையாகவும் முத்திரையிடப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். எந்த உணரி எதற்கு என்று விதியில் பெயர் சொல்லி எழுதிவிட்டு, எழுதப்படாதது எதுவும் காரில் இருக்கக் கூடாது என்று முடித்துவிடுவது நல்லது.

இதோடு ஒரு யோசனையையும் சேர்க்கிறேன். அதிகாரிகளிடம் ஏற்கெனவே சேரும் பதிவுகளில் எஞ்சின் சுழற்சி, எரிபொருள் அளவு, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பருவத்தின் முடிவில் எல்லா அணிகளுக்கும் திறந்துவிடலாம். முப்பது ஆண்டு அறிவைப் புதியவரால் விலைக்கு வாங்க முடியாது என்று பழையகணக்கு எழுதினாரே, அந்த இடைவெளியை எந்தக் கொள்ளளவு விதியைவிடவும் இது விரைவாகக் குறைக்கும். பெரிய பட்டறைகள் எதிர்க்கும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

மின்சாரக் கார் குறித்துச் சுருக்கமாக: 2020இல் ஃபோர்டு காட்டிய கோப்ரா ஜெட் 1400 என்ற முன்மாதிரி கால் மைலை 8.27 நொடியில் கடந்தது. திறமைக்குக் குறைவில்லை, ஆனால் அதைத் தனி வகுப்பாக வளர்க்க வேண்டும். கிளட்சும் கியரும் இல்லாத ஒன்றை ப்ரோ ஸ்டாக்கில் சேர்த்துச் சமன் செய்ய முயன்றால் 1970களின் எடைப் பட்டியல் திரும்ப வந்துவிடும்.

பழையகணக்கு எழுதுகிறார்:

எடைப் பட்டியல் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். மேலே சொன்ன சிறிய எஞ்சின் யோசனையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதை எப்படிக் கொண்டுவருவது என்பது, எதைக் கொண்டுவருவது என்பதைவிடக் கடினம். 2016 விதிகள் அதற்கு முந்தைய பருவத்தின் நடுவில்தான் அறிவிக்கப்பட்டன. பட்டத்திற்கு ஓடிக்கொண்டே புதிய எஞ்சினையும் உருவாக்கும் ஆள்பலம் சில அணிகளுக்கே இருந்தது. அடுத்த முறை குறைந்தது இரண்டு முழுப் பருவங்கள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும்.

இடைக்காலத்தில் பழைய 500 கன அங்குல எஞ்சினையும் புதியதையும் எடைச் சலுகையோடு ஒரே களத்தில் ஓடவிடலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள், ஏனெனில் வாடகை எஞ்சின்களில் பணம் போட்டவர்களுக்கு அது வசதி. அதை ஏற்கக் கூடாது. இரண்டு பருவங்களும் முழுவதும் பழைய எஞ்சினோடு ஓடட்டும். புதிய எஞ்சின்கள் அதே போட்டிகளில், புள்ளிகள் இல்லாத தனிக் காட்சி ஓட்டமாக ஓடி, தங்கள் குறைகளை ரசிகர்கள் முன்னாலேயே திருத்திக்கொள்ளட்டும். மூன்றாம் பருவத்தின் முதல் போட்டியில் பழையது முற்றாக நிற்க வேண்டும்.